ஆபீசிலிருந்து ஒரு போன்

போன வாரம் குளியலறைத் தரையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூக்கில் ஏறிய நெடிக்கு இருமல்தான் வந்திருக்க வேண்டும். எனக்குக் கல்லூரி ஞாபகம் வந்தது. கோவையில் நான் படித்த கல்லூரியில் எங்களுக்கென்று ஓர் அறை இருந்தது. பழைய கெமிஸ்ட்ரி ஸ்டோர் ரூம். பாட்டில்களை அப்புறப்படுத்தி, வெள்ளையடித்து, 'மாணவர் உதவி மையம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். எவ்வளவு கழுவியும் நெடி மட்டும் காலி செய்துகொண்டு போகவில்லை.

எங்களுக்கென்று என்றால், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு. தறி ஓட்டுகிறவரின் மகன், கட்டட வேலைக்குப் போகிறவரின் மகள், கோட்டைமேட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகளான நான். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கேன்டீனுக்குப் போவார்கள். நாங்கள் அந்த அறைக்குள் நுழைவோம். ஆங்கிலம் சொல்லித் தருவார்கள். உதவித்தொகைக்கு யாரைப் பார்க்க வேண்டும், நூலகத்தில் எப்படிக் கேட்க வேண்டும், எல்லாம் சொல்லித் தருவார்கள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துப்பட்டாவால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு போவேன். கேட்டால் நெடிக்காக என்பேன். எவ்வளவு பெரிய மகாராணி பாருங்கள்!

கல்லூரி என்றால் எங்கள் வீட்டுக்கே பயம்தான். என்னைச் சேர்க்க வந்த அன்று அத்தா முதல்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது அவருடைய ஒரு ஜோடிதான் அங்கே கிடந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது நினைத்தால் அழுகை வருகிறது.

மையத்தைப் பார்த்துக்கொண்டது ஒரு மேடம். தற்காலிக வேலை. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, "ஏங்கண்ணு, சாப்புட்டயா?" என்று ஒவ்வொருவரையும் கேட்ட பிறகுதான் பாடத்துக்குப் போவார். அவருடைய மேஜையில் ஒரு மின்சாரக் கெட்டில். அதில் கொதிக்கும் டீத்தூள் முத்துமாரி கொண்டுவந்தது.

முத்துமாரி வால்பாறைக்காரி. எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் பிறந்து, ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை. டீ குடிக்கும்போது அவள் எஸ்டேட் கதை சொல்லுவாள்.

"தொரை ஆபீசுல கூப்புட்டாங்கன்னா, போனதும் மொதல்ல 'தப்புதாங்க'ன்னு சொல்லிப்போடணும். என்ன தப்புன்னு அவுங்களே அப்பறம் சொல்லுவாங்க."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த வருடம் அவள்தான் துறையில் முதலிடம். ஆண்டு விழாவில் அவளோடு அவளுடைய அப்பாவையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டுமென்று மேடத்துக்கு ஆசை. முதல்வரிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கினார். லயன் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டு, "முத்துமாரி விசயமாப் பேசணுமுங்க, அப்பாவ நேர்ல வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"என்ன விசயம்னு சொல்லியிருக்கலாமுங்களே மேடம்?" என்றேன்.

"போன்ல சொன்னா அவரு மொகத்த நாம பாக்க முடியாதல்ல கண்ணு?"

நான் டவுன் பஸ் பிடிக்கிற இடம் உக்கடம். மேடம் வரச் சொல்லியிருந்த நாளன்று காலையில் அங்கே போனால், பொள்ளாச்சி பஸ்ஸின் ஜன்னலோரம் முத்துமாரி. மடியில் ஹாஸ்டல் பக்கெட், அதற்குள் புத்தகங்கள். பக்கத்தில் அவளுடைய அப்பா. முந்தின நாளே மலை இறங்கி வந்து, பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறார். வார்டன் வாயைத் திறப்பதற்குள், "தப்புதாங்க, புள்ளைய நானே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். ஏதோ குடும்ப விவகாரம் என்று வார்டனும் அனுப்பிவிட்டார்.

"நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியலடி" என்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ஏனுங்க, உங்களுக்குப் பொன்னாடை போத்தத்தானுங்க மேடம் கூப்புட்டாங்க! இவதான் பஸ்ட்டுங்க!"

அவர் என்னைப் பார்த்து எவ்வளவு பிரியமாகச் சிரித்தார்!

"சிநேகிதிய உட்டுக்குடுக்காமப் பேசற. நல்லாயிரு பாப்பா. நல்ல விசயம் சொல்றதுக்கு ஆபீசுல இருந்து யாரு போன் போடுவாங்க? அவுங்க 'போ'ன்னு சொல்றதுக்கு மின்னாடி நாமளே போயிட்டா, அதுதான் மரியாத."

பஸ் கிளம்பிவிட்டது. எனக்கு அந்த டிரைவர் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மேடம் மறுபடி மறுபடி கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவளுடைய அப்பாவிடம் சொல்லத்தான் செய்தார். "பெரிய மனசு, தப்ப மறைச்சுப் பேசறாங்க" என்று அவர் கண்கலங்கினாராம். அடுத்து வந்த செய்தி முத்துமாரிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்பது. மேடம் அன்று பாடம் நடத்தவில்லை. விழாவில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் வராததால் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

நிதி நின்றதும் மையத்தை மூடினார்கள். மேடத்தின் வேலையும் போயிற்று. அவர் எங்கே போனார் என்று கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. இப்போது இணையதளத்தில் 'மாணவர் நலன்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதிலுள்ள போட்டோக்களில் சிரிக்கிற பிள்ளைகளை நம் ஊர்ப் பக்கம் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளோடு வால்பாறைக்குச் சுற்றுலா போனபோது, அந்த லயனை விசாரித்துக்கொண்டு போனேன். பாதி வீடுகளுக்குக் கதவில்லை. மீதி வீடுகளில் அசாமிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். பாவம், நான் கேட்டது அவர்களுக்குப் புரியவில்லை. பழைய ஆட்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்களென்று வாட்ச்மேன் ஒருவர் சொன்னார். மளிகைக் கடை இருந்த இடத்தில் புதர் மண்டிக் கிடந்தது. அங்கே முத்துமாரி என்ற பெயரைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அவளுடைய அப்பா எங்காவது உயிரோடு இருந்தால், மகள் என்ன தப்பு செய்தாள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், இன்னும் அவளை மன்னித்துக்கொண்டுதான் இருப்பார்.