ஐ.சி.யு.வுக்கும் அடுப்படிக்கும் நடுவே இருபத்தேழு கிலோமீட்டர்

இந்த வலைப்பதிவுக்கு வழக்கமாக வருகிறவர்கள் அருவியையும் மலைப்பாதையையும் எதிர்பார்த்து வருவீர்கள். இந்த முறை இரண்டும் கிடையாது. 2007 ஆவணிக் கடைசியில் நான் போன இந்தப் பயணத்தை யாரும் ஆசைப்பட்டுப் போக மாட்டார்கள். ஆனால் போக வேண்டி வந்துவிட்டால், என்னைப் போலத் திருதிருவென்று விழிக்க வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

காலை ஐந்து பத்துக்கு போன். என் அக்காவின் கணவர். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்க்கிறவர். "மாப்ள, ஒங்க அக்கா கண்ணத் தொறக்க மாட்டேங்கா. ராத்திரி பூராம் வாந்தி. மொத காலு வரலேன்னா, அப்புறம் கையி வரலேன்னா, இப்ப கழுத்தே நிக்கல. சிவகாசியில மூச்சு மிஷின் இல்லன்னு விருதுநகருக்குக் கொண்டாந்திருக்கேன். வந்துருங்க." அத்தான் ஒருநாளும் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியவர் இல்லை. கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அக்கா பெயர் மாரியம்மாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவி, சோறு கட்டிக்கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பியவள். அவள் இல்லையென்றால் நான் இன்றைக்கு கோவையில் பம்ப்செட் மெக்கானிக்காகக்கூட இருந்திருக்க மாட்டேன். இதைச் சொன்னால்தான் அன்றைக்கு நான் பஸ்ஸில் நடந்துகொண்ட விதம் உங்களுக்குப் புரியும்.

சிங்காநல்லூரிலிருந்து ஆறு மணி மதுரை பஸ். டிக்கெட் 72 ரூபாய். தாராபுரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். ஐந்து நிமிடம் என்றார்கள், பதினைந்தாயிற்று. கண்டக்டரிடம் கத்தினேன். "டிரைவரும் மனுசந்தானுங்க" என்றார் அவர், நியாயமாகத்தான். விஷயத்தைச் சொன்னதும் என்னை முன்சீட்டுக்கு வரச் சொன்னார். அதற்கப்புறம் ஒட்டன்சத்திரத்தில் பிரேக் மிதித்த மாதிரியே தெரியவில்லை.

பகல் 11.50க்கு ஆரப்பாளையம். விருதுநகர் பஸ் அங்கேயே நிற்கும் என்று நினைத்து இறங்காதீர்கள். மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும். டவுன் பஸ் நான்கு ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து விருதுநகர் 18 ரூபாய், ஒரு மணி ஐந்து நிமிடம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ 25 ரூபாய். நான் மாடிப்படி ஏறும்போது மணி சரியாக இரண்டு.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இரண்டாவது மாடியில் ஐ.சி.யு. செருப்பை வெளியே விட வேண்டும். காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் ஒருவர் மட்டும், ஐந்தே நிமிடம். நான் கோவையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் டாக்டரம்மா உடனே உள்ளே விட்டார். அக்கா வாயில் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சை மிஷின் விட்டுக்கொண்டிருந்தது. முகம் தூங்குகிற முகம்.

"தூங்கறாங்கன்னு நினைக்காதீங்க. கை, கால், கண் இமை எதுவும் அசையல, அவ்வளவுதான். காது கேக்குது. நான் பேசினா வலது கால் பெருவிரல் மட்டும் லேசா அசையுது" என்றார் டாக்டரம்மா. நான் குனிந்து, "அக்கா, நான் வந்துட்டேன்" என்றேன். விரல் அசைந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

வெளியே வந்து டாக்டர் எங்கள் இருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். பாம்பு கடித்ததாகத் தெரியவில்லை, எங்கேயும் தடயம் இல்லை. நரம்பு வியாதியென்றால் இவ்வளவு வேகமாக வராது. ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது. இதயம் ஒழுங்காகத் துடிக்கவே அது வேண்டும். "ஏத்த ஏத்த உயர மாட்டேங்குது. எங்க போகுதுன்னு தெரியல. கண்ணை மூடிக்கிட்டு நிறைய ஏத்தினா, ஒரே அடியா கூடி இதயம் நின்னுடும். காரணம் தெரிஞ்சா தைரியமா ஏத்துவேன். தெரியாட்டி இன்னைக்கு சாயந்திரம் தாண்டறதே கஷ்டம்."

பிறகு தயங்கி, "மருந்து எதுவும் குடிச்சாங்களா?" என்று கேட்டார். அத்தானுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எம் பொண்டாட்டி அப்பிடியாப்பட்டவ இல்லீங்க! வீட்ல ஒக்காந்து பட்டாசுக் கொளாய் உருட்டுறவ. அவளுக்கு என்ன கொறை?" டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டு அடுப்படியில் இருக்கிற தின்கிற சாமான் அத்தனையையும் உடனே அள்ளிக்கொண்டு வரச் சொன்னார். அத்தான் கதவை விட்டு நகர்வதாக இல்லை. நான் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்பாசடர் டாக்ஸி. சிவகாசி போய்த் திரும்ப, காத்திருப்பு உட்பட 450 ரூபாய். பஸ்ஸில் ஒன்பது ரூபாய்தான், ஆனால் அன்றைக்குப் பஸ் பார்க்க முடியுமா? டிரைவர் காளிராஜ் ஆமத்தூர்க்காரர். "எவ்வளவு நேரம்ணே ஆகும்?" என்றேன். "முக்கா மணி நேரம் சார். திருத்தங்கல் ரயில்வே கேட்டு அடைச்சிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல."

அடைத்திருந்தது. பதினான்கு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் ஒரு கம்பெனி வேன் நிறைய பெண்கள், முழங்கைவரை வெள்ளிப் பவுடர். தீபாவளி சீசன் நேரம், யாருக்கும் உட்கார நேரமில்லாத மாதம். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரியா?" என்றாள். முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுச் சுப்புத்தாயிடம் இருந்தது. அடுப்படியில் இருந்த அரிசி, பருப்பு, எண்ணெய், ஊறுகாய் எல்லாவற்றையும் சாக்கில் போட்டேன். மூலையில் இருந்த பெரிய தகர டின்னை மட்டும் தொடவில்லை. அது பசை மாவு. பட்டாசுக் குழாய் உருட்டுகிற வீடுகளுக்குக் கம்பெனியே காகிதமும் மைதாவும் கொடுக்கும். எலி, பூச்சி தின்னாமல் இருக்க அந்த மைதாவில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள், லேசாக நீலம் தட்டும். அது விஷம் என்று அந்தத் தெருவில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த டின்னிலிருந்து யாரும் எடுத்துச் சமைப்பதில்லை.

சுப்புத்தாய் வாசலில் நின்று விசும்பினாள். "நேத்து சாயங்காலம் மைதா இருக்கான்னு எங்கிட்டதான் கேட்டா. இல்லன்னேன். பெறகு பாத்தா தோசை சுடுதா. ஏதுடி மாவுன்னேன். 'டின்னுல அவுக வெள்ள மாவு வாங்கி வச்சிருக்காக, துத்தம் போடாததுக்கா'ன்னா. எனக்கும் ஒண்ணு கொண்டாந்தா. நான் வெரதம்னு வாங்கல. ஒங்க அத்தானும் சீசன் வேலைன்னு கம்பெனியிலயே சாப்பிட்டு வந்துட்டாக." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சொல்லக் கூடாதுதான்... மிச்ச மாவ எங்கோழிக்குப் போட்டா. ரெண்டும் சுருண்டு கெடக்கு தம்பி. அவ இப்பிடிக் கெடக்கையில கோழியப் பத்திப் பேசவான்னுதான் வாய மூடிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

திரும்ப அடுப்படிக்கு ஓடினேன். டின்னைத் திறந்தேன். அடியில் நீல மாவு. மேலே தனியாக ஒரு பிளாஸ்டிக் பை, வெள்ளை வெளேரென்று. தூக்கியதும் தெரிந்துவிட்டது. பொழுதெல்லாம் இரும்பும் பித்தளையும் தூக்குகிற கை இது, மைதா இந்தக் கனம் கனக்காது. பின்னாலேயே வந்து நின்ற காளிராஜ், "சார், கீள வைங்க, கையக் களுவுங்க" என்று சத்தம் போட்டார். "நான் ஆறு வருசம் பட்டாசுல இருந்தவன். பச்சைக் கலருக்குப் போடுற பேரியம்லா இது. இத எவன் வீட்ல கொண்டாந்து வச்சது?"

அத்தானுக்குப் போன் போட்டேன். மணி 3.55. விஷயத்தைச் சொன்னேன். "கோயில் பொங்கலுக்கு நம்ம கையால கலர்ப் பூச்சட்டி செஞ்சு கொளுத்தலாம்னு கம்பெனியிலருந்து கொண்டாந்தேன் மாப்ள. துத்த மாவுல எவரும் கை வைக்க மாட்டாகன்னுதான் அந்த டின்னுக்குள்ள வச்சேன்" என்றார். அவள் நீலம் இல்லையே என்று நம்பியிருக்கிறாள். அவர் நீலத்தை நம்பி ஒளித்திருக்கிறார்.

"அத்தான், இந்த நிமிசமே டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க."

"வேல போயிரும் மாப்ள. போலீசு..." என்றார். லைன் கட்டாகிவிட்டது. அவர் வைத்தாரா, தானாக அறுந்ததா தெரியவில்லை. திரும்ப அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளாத முட்டாள் நான். திரும்பி வந்த முக்கால் மணி நேரத்தில் பதினொரு தடவை அடித்திருப்பேன். கேட் திறந்துதான் இருந்தது. காளிராஜ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வழியெல்லாம் அத்தானை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்யாண நாளிலிருந்து எடுத்துவைத்துத் திட்டினேன். சொல்லியிருக்க மாட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மாடி ஏறினால் நர்ஸ் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். டாக்டர், "நாலு மணிக்கே அவர் கதவைத் தட்டி உள்ள வந்துட்டார். படுக்கை பக்கத்துலயே நின்னு, நான்தான் கொண்டாந்தேன்னு எல்லாத்தையும் சொன்னார். போன் அவர் கையிலேருந்து கீழ விழுந்து உடைஞ்சே போச்சு" என்றார். வழியில் திட்டியதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

பொட்டாசியம் எங்கேயும் தொலையவில்லையாம். பேரியம் அதை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளி வைத்துப் பூட்டிவிடுமாம். காரணம் தெரிந்துவிட்டதால், டாக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து அளவைக் கூட்டினார். வயிற்றில் மிச்சமிருந்ததைக் கட்டுப்படுத்த மூக்குக் குழாய் வழியாக வேறு மருந்து போனது. ஏழு மணிக்கு அளவு முதல்முறையாக ஏறியது. மறுநாள் காலையில் அக்கா கண் திறந்தாள். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அத்தான் தானாகவே போய் போர்மேனிடம் சொல்லிவிட்டார். சீசன் நடுவில் வேலை போயிற்று. இப்போது திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் லோடு ஏற்றுகிறார்.

போக வேண்டி வருகிறவர்களுக்கு: போர்வை, தண்ணீர் பாட்டில், சில்லறை, சார்ஜர் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரி நம்பரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் 150 ரூபாய்க்கு சுமாரான ரூம் கிடைக்கிறது, ஆனால் ஒருவராவது மாடியிலேயே இருங்கள். நோயாளி என்ன வேலை செய்கிறார், வீட்டில் என்னென்ன இருக்கிறது என்பதை யாரும் கேட்காமலே டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லப் பயமாக இருக்கிற விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று. உள்ளே விட்டால் சும்மா நிற்காதீர்கள், பேசுங்கள். அசையாமல் கிடந்தாலும் கேட்கும். இதை எனக்குச் சொன்னது டாக்டர் மட்டுமில்லை.

மூன்றாம் நாள் பதினொரு மணிப் பார்வை நேரத்துக்கு அத்தான் உள்ளே போகவே மாட்டேன் என்றார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன் மாப்ள?" நர்ஸிடம் கெஞ்சி, அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நானும் போனேன். அவர் கதவோரமே நின்றுவிட்டார். அக்காவுக்குக் குரல் கரகரத்திருந்தது.

"ஏன் அங்கனயே நிக்கீக? இங்கன வாங்க" என்றாள். அவர் போனார். "டாக்டரம்மாட்ட நீங்க சொன்னது அம்புட்டும் கேட்டுச்சு. பெறகு எங்காதுகிட்ட வந்து அளுததும் கேட்டுச்சு. அளாதீகன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் பட்ட கஷ்டம் அது ஒண்ணுதான்."