சோற்றுக் கையால் வாசித்தது

வேலை நேரத்தில் எனக்கு அருவருப்பு வராது. காலையிலிருந்து பின்னேரம் வரை ஓர் ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் சலத்தையும் மலத்தையும் சளியையும் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கிறவன் நான். கையுறை போட்டுவிட்டால் எதையும் தொடுவேன். அதைக் கழற்றிய பிறகுதான் உலகம் எனக்கு ஊத்தையாகத் தெரியத் தொடங்கும். பஸ்ஸின் கைபிடி, கடைக்காரன் எச்சில் தொட்டுப் பிரிக்கிற பை, கலியாண வீட்டில் ஊரே கை துடைத்த ஒற்றைத் துவாய். இவை எல்லாவற்றையும் விட மோசமானது எங்கள் இசைக்குழுவின் பேஸ் கிற்றார்.

பேஸ் கிற்றார் என்பது பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடுகிற சத்தம். அது இருக்கும்போது ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், நின்றால்தான் என்னவோ குறைகிறது என்பார்கள். தடித்த கம்பிகள் நான்கு. எங்கள் குழுவுக்கு இருந்தது ஒரே ஒரு கிற்றார்தான், வாசிக்கிறவர்களோ இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் குழுவை நடத்துகிற கரவெட்டி அண்ணையின் மனைவியின் தம்பி. அண்ணை அவனை மச்சான் என்று கூப்பிடுவதால் குழு முழுக்க அவன் மச்சான்தான். எனக்கு வேலை இருக்கிற நாட்களில் அவன் வாசிப்பான், அவனுக்கு முடியாத நாட்களில் நான்.

மச்சான் நல்லவன். அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. ஒத்திகை இடைவேளையில் சந்திக் கடையிலிருந்து ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி வரும். எண்ணெய் கசிகிற பொதியை மடியில் விரித்துவைத்து, எலும்பைக் கடைவாயில் போட்டு உறிஞ்சி, விரல்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுச் சூப்புவான். மிச்சத்தைக் காற்சட்டையில் துடைப்பான். தண்ணீர்க் குழாய் நாலடி தூரத்தில் இருக்கும். அதை அவன் திரும்பியும் பார்த்ததில்லை. அடுத்த நிமிடம் அந்த விரல்கள் கம்பியில் நடக்கும்.

பேஸ் கம்பி மொழுமொழு என்று இருப்பதில்லை. உள்ளே தடித்த ஒரு கம்பி, அதன் மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றுகளின் இடுக்குகளில் மச்சானின் வருடக்கணக்கான சாப்பாடு இருந்தது. நகத்தால் சுரண்டினால் கறுப்பாகக் களிபோல வரும். ஒருநாள் சுரண்டி மணந்தும் பார்த்தேன். ஏன் மணந்தாய் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை வல்லை வெளியில் நிறுத்திவிட்டு வயிறு காலியாகும்வரை சத்தி எடுத்தேன்.

இதில் வயிறு எரிகிற விஷயம், மச்சான் வாசித்தால் நன்றாக இருக்கும். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறிக் கம்பியைத் தட்ட, சத்தம் கனமாக, வட்டமாக, நிலத்துக்குள்ளிருந்து வருவதுபோல வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நானும் பேஸ் பழகினேன். அது அந்தக் கைகளிலிருந்து வந்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இடது கையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது எப்படியும் கழுவுகிற கை. கிற்றாரின் கழுத்தில் அந்தக் கையைத்தான் வைத்தாக வேண்டும், அதை ஊத்தைக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். வலது கை அப்படியல்ல. அதால்தான் சோறு பிசைகிறேன், விபூதி எடுக்கிறேன், மகளுக்கு வாயில் தீத்துகிறேன். சோற்றுக் கையை மச்சானின் எச்சிலில் வைக்க என்னால் ஆகாது. நான் எந்த முறையில் வாசிப்பது என்பதை இசை தீர்மானிக்கவில்லை, இதுதான் தீர்மானித்தது.

ஆகவே முதலில் பிக் என்கிற சின்ன முக்கோணத் தகட்டால் வாசித்தேன். தகடு கம்பியைத் தொடும், நான் தகட்டைத் தொடுவேன், எனக்கும் கம்பிக்கும் உறவில்லை. அண்ணை சில காலம் பொறுத்துப் பார்த்தார்.

“தம்பி, உது தட்டெழுத்து அடிக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றார் ஒருநாள்.

பிறகு பெருவிரலின் பக்கத்தால் கம்பியை ஓங்கி அடிக்கிற முறையைப் பிடித்தேன். தொடுகிற நேரம் மிகக் குறைவு, இடமும் பெருவிரல் மூட்டின் மொளி மட்டும்தான்.

“கோவில் பாட்டுக்கு ஏன்ரா தேங்காய் உடைக்கிறாய்?”

கடைசியில் ஆய்வுகூடத்துக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். ரப்பர் கம்பியில் உரஞ்சிக் கீச்சிட்டது. உள்ளே வியர்வை தேங்கிக் கை ஊறிப்போனது. டிரம்ஸ் அடிக்கிறவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “ஆருக்கு ஒப்பரேசன்?” என்று கேட்டான். மச்சான் சிரித்த சிரிப்பில் அவன் வாயிலிருந்த கொத்து என் சேட்டில் வந்து விழுந்தது. அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்க் கோவில் திருவிழா வந்தது. இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் திருவிழாவை எடுத்துச் செய்வது வழக்கம். அந்த முறை அன்றைய பாட்டுக் கச்சேரி எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. நான் ஊரூராகப் போய் வாசித்திருக்கிறேன், என் ஊரில் ஒருநாளும் வாசித்ததில்லை. மகள் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உன்ரை ஊர், நீ வாசிக்கிறதுதான் எனக்கும் விருப்பம். ஆனால் விரலாலை வாசிக்க வேணும். இல்லையெண்டால் அண்டைக்கு மச்சான்தான் மேடையிலை. சொல்லிப்போட்டன்.”

“ஓம் அண்ணை, விரலாலையே வாசிக்கிறன்,” என்றேன்.

கிற்றாரை வீட்டுக்குக் கொண்டுவந்து, துணியால் சுற்றி விறாந்தை மூலையில் வைத்துவிட்டு யோசித்தேன். கம்பியைச் சுத்தமாக்கிவிட்டால் விரல் வைக்கலாம். இணையத்தில் ஒரு வெள்ளைக்காரன் கம்பிகளைக் கழற்றிக் கொதிதண்ணீரில் அவித்துக் காட்டினான். அவித்தால் அழுக்கெல்லாம் கழன்று புதுசு போல ஆகுமாம். என் ஆய்வுகூட மூளைக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

கொடி ஏறினதிலிருந்து எங்கள் வீட்டில் சைவம்தான். மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற மச்சச் சட்டிகளை எல்லாம் மனைவி கழுவிக் கட்டி, பின்பக்கக் கொட்டிலில் உயரத்தில் ஏற்றிவிட்டாள். குசினியில் கைக்கு எட்டினது புட்டுப் பானை. அவள் கோவிலுக்குப் போயிருந்தாள். கொதிதண்ணீர்தானே, எந்தக் கிருமியும் நிற்காது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, நான்கு கம்பிகளையும் சுருட்டி அந்தப் பானைக்குள் போட்டேன்.

தண்ணீர் சூடேற முதலில் ஒரு மினுக்கம் மேலே படர்ந்தது. அது மஞ்சளானது. பிறகு சாம்பல் நிறத்தில் நுரை கட்டி, நுரைக்கு நடுவில் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள் மிதந்து பானை விளிம்பில் ஒட்டின. மணம் வந்ததும் மூக்கைப் பொத்தினேன். வெறும் ஊத்தை மணமல்ல. பழைய ஆட்டுக் கொழுப்பு, கறித்தூள், வியர்வை, துருவேறிய இரும்பு. என் வாழ்க்கையில் எத்தனையோ ஆய்வுகூடப் போத்தல்களைத் திறந்திருக்கிறேன், இதுபோல ஒன்றை முகர்ந்ததில்லை.

மனைவி அர்ச்சனைத் தட்டோடு குசினி வாசலில் நின்றாள்.

“என்னப்பா அவிக்கிறியள்?”

“கம்பி.”

“கம்பி ஏன் ஆட்டிறைச்சி மணக்குது?”

அவள் உள்ளே வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். நுரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“கொடியேறி நிக்கிற நாளிலை, நான் புட்டு அவிக்கிற பானையிலை,” என்றாள். நான் கம்பிகளைக் குறட்டால் எடுத்ததும், பானையைத் துணியால் பிடித்துக் கொண்டுபோய்ப் பின்வேலிக்கு அப்பால் எறிந்தாள். அன்றிலிருந்து திருவிழா நாள் வரை எனக்குச் சாப்பாடு வந்தது, அவள் வாயிலிருந்து கதை வரவில்லை.

ஆனால் கம்பிகள் பளிச்சென்று இருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அவற்றைத் தடவிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. திருவிழா நாள் பின்னேரம் கோவில் வீதியில் மேடை போட்டு, ஸ்பீக்கர்களைக் கட்டிச் சத்தம் சரிபார்க்கும்போது, முதன்முதலாக வலது கை விரல்களைக் கம்பியில் நேரே வைத்து வாசித்தேன்.

ணங் என்றது. ஒவ்வொரு தட்டுக்கும் ணங், ணங். வட்டமும் இல்லை, கனமும் இல்லை, சைக்கிள் மணியும் தகரமும் சேர்ந்த சத்தம். அண்ணை கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“தம்பி, கிற்றாரை என்ன செய்தனி?”

“கம்பியை அவிச்சனான்.”

“அவிச்சனியோ? மடையா! அந்தச் சத்தமே அந்த ஊத்தையிலைதானேடா இருந்தது!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடுக்குகளில் அடைந்திருந்த கொழுப்புத்தான் கம்பியை ஒலிக்கவிடாமல் அமுக்கி, நான் ஆசைப்பட்ட அந்தச் சத்தத்தைத் தந்திருக்கிறது. எத்தனையோ வருடமாக நான் உருகியது ஆட்டுக் கொழுப்புக்கு. இதைவிட அரியண்டமான ஒன்றை யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

அண்ணை மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தார். அவன் குளித்துத் தோய்ந்து, தலைக்கு எண்ணெய் வழிய வைத்து, வேட்டியோடு வந்திறங்கினான். கிற்றாரை வாங்கித் தட்டிப் பார்த்தான். அவன் விரலுக்கும் ணங் என்றுதான் வந்தது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு, “எண்ணெய் போட்டால் சரிவரும்,” என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் தன் தலையில் அழுத்தித் தேய்த்து, அந்தக் கைகளால் நான்கு கம்பிகளையும் மேலிருந்து கீழ் வரை உருவிவிட்டான். என் சுத்தமான கம்பிகளை. கம்பியில் ஒரு மயிரும் ஒட்டியிருந்தது. சத்தம் கொஞ்சமும் மாறவில்லை.

“முதல் பாட்டை நீ வாசி,” என்றார் அண்ணை என்னிடம். “சரிவராட்டி இறங்கு. மச்சான் எண்டால் எப்பிடியும் சமாளிப்பான்.”

பூசை முடிந்து சனம் மணலில் வந்து அமர்ந்தது. முன்வரிசையில் மகள், அவளைச் சுற்றி வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. பிள்ளையார் பாட்டு தொடங்கியது. நான் இரண்டு விரலால் வாசித்தேன். ணங் ணங் என்று அது கோவில் வீதி முழுக்கக் கேட்டது. இரண்டு கிழவர்கள் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். அண்ணை என்னைப் பார்த்தார். மேடைப் படியில் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறத் தயாராக நின்றான். பிள்ளைகளில் ஒன்று காதைப் பொத்தியது. மகள் குனிந்துகொண்டாள்.

கோவிலில் வெண்கலத் தட்டான சேமக்கலத்தை அடித்த பிறகு உள்ளங்கையை வைத்தால் நாதம் அடங்கும். எனக்கு அது யோசனையாக வரவில்லை, மகள் குனிந்ததைப் பார்த்ததும் கை தானாகப் போனது. கம்பிகள் கிற்றாரின் உடம்பில் வந்து முடிகிற இடத்தில் என் வலது உள்ளங்கையின் ஓரத்தை முழுதாகப் படுக்கவைத்து அமர்த்தினேன். மச்சானின் தலையெண்ணெய் வெதுவெதுப்பாக என் கை ரேகைகளுக்குள் இறங்கியது. அந்த மயிரும் அங்கேதான் எங்கோ இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பெருவிரலால் மெல்லத் தட்டினேன்.

தும் என்றது. மச்சானின் சத்தத்தைவிடக் குட்டையாக, ஆனால் கனமாக, நிலத்துக்குள்ளிருந்து. அண்ணை தலையை ஆட்டிவிட்டுக் கீபோர்ட்டுக்குத் திரும்பினார். மச்சான் படியிலேயே இருந்து தாளம் போட்டான். கடைசிப் பாட்டு வரை நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் திரும்ப வைக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் சவர்க்காரம் தேயும்வரை கை கழுவினேன். மனைவி சோற்றுக் கோப்பையோடு ஒரு கரண்டியையும் கொண்டுவந்து வைத்தாள். “உந்தக் கையாலை சாப்பிடாதேங்கோ,” என்றாள். அவள் என்னோடு கதைத்ததே எனக்குப் போதும் என்றிருந்தது.

அதற்குப் பிறகு எல்லா இடமும் உள்ளங்கையை வைத்துத்தான் வாசிக்கிறேன். ஒவ்வொரு முறையும் அருவருப்பு வருகிறது. ஒவ்வொரு முறையும் வைக்கிறேன். மாதங்கள் போகப் போகச் சத்தம் இன்னும் முதிர்ந்து வந்தது. கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். என் கை படுகிற இடத்தில் கம்பிகள் கறுத்து, அந்தக் கறுப்பு கம்பிகளைத் தாங்குகிற இரும்புக்கும் இறங்கிவிட்டது. அதை நான் உற்றுப் பார்ப்பதில்லை.

போன கிழமை எனக்கு வேலை என்பதால் ஒரு கலியாண வீட்டில் மச்சான் வாசிக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்து நான் போய்ச்சேர்ந்தபோது அவன் கிற்றாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு கையில் பாதி கடித்த ரோல்ஸ். குனிந்து, என் உள்ளங்கை படுகிற இடத்தைப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

“சீ, மனிசன் தொடுவானே உதை?” என்று சொல்லி, மறுகையால் லேஞ்சித் துணியை எடுத்து அதில் துப்பி, ரோல்ஸை வாயில் கவ்விக்கொண்டு, என் கறுப்பை அழுத்தித் துடைக்கத் தொடங்கினான்.

“துடையாதையடா,” என்று கத்திவிட்டேன். “அது என்ரை!”

மணவறையில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.