மூன்று பெட்டியும் ஒரு டிராலியும்

எட்டாம் வகுப்புக்கு விசை, நிறை, முடுக்கம் நடத்தும் வாரத்தில் நான் கொஞ்சம் சிடுசிடுப்பாக இருப்பேன் என்பது என் மாணவர்களுக்குத் தெரியும். பாடம் ஒன்றும் கடினமில்லை. ஒரே விசையில் இழுத்தால், நிறை கூடக் கூட வண்டி வேகமெடுப்பது குறையும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் சோதனை செய்து காட்டச் சொன்னால் வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது அதே தப்பைச் செய்யும். அந்தத் தப்பை என் கண்ணெதிரே முதலில் செய்தவர் என் அப்பா. இடம், குவைத்தில் ஃபஹாஹீல், நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் அடித்தள கார் பார்க்கிங்.

அப்போது நானும் எட்டாம் வகுப்புதான். ஏப்ரலில் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டாள். தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன், ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்றாள். மே பிறந்தும் வரவில்லை. அப்பா ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். விடிகாலையில் வேன் வந்து அழைத்துப்போகும்; ஓவர்டைம், அதாவது ஓ.டி., முடிந்து திரும்ப ஏழு, ஏழரை ஆகிவிடும். என்னைப் பள்ளி பஸ் இரண்டு மணிக்கெல்லாம் இறக்கிவிட்டுவிடும். உள்ளே போனதும் சங்கிலியை மாட்ட வேண்டும், யார் மணியடித்தாலும் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அதை மீறும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை, ஏனென்றால் யாரும் மணியடிக்கவில்லை. ஏ.சி. ஓடும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் கிடையாது. யாராவது தவறுதலாகவாவது மணியை அழுத்தமாட்டார்களா என்று கதவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததுண்டு. கீழே விளையாடப் போகலாம் என்றால் மே மாத வெயிலில் அங்கே பூனைகூட இருக்காது.

இந்த நிலையில்தான் எங்கள் அறிவியல் மிஸ் ஒரு அறிவிப்புச் செய்தார். புத்தகத்தில் இருக்கும் படத்தை வரைந்துகொண்டு வராதீர்கள், வீட்டில் இருக்கும் பொருளை வைத்து நியூட்டனின் இரண்டாம் விதியை நிரூபித்து அளவுகளோடு வாருங்கள். யாருடையது சரியாக இருக்கிறதோ அவர், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஏழாம் வகுப்புக்கு ஒரு பீரியட் பாடம் நடத்தலாம் என்றார். முப்பது பேர் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்பார்கள். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையின் நான்கு நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டு அவற்றுக்குப் பாடம் நடத்திப் பழகினேன். தம்பி வழக்கமாக உட்காரும் நாற்காலியை இரண்டு முறை கவனிக்காததற்காகக் கண்டித்திருக்கிறேன்.

சோதனைக்கு வேண்டியதெல்லாம் வீட்டிலேயே இருந்தது. முதலாவது, ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு. எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சேர்த்து அது ஒன்றுதான். அது எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் யாரோ லீவில் போகிறார்கள் என்று அர்த்தம். மூன்று வாரமாக அது எங்கள் வீட்டில் இருந்தது. இரண்டாவது, அப்பா கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் மூன்று. சுற்றிலும் டேப் ஒட்டி, கயிறு இறுக்கி, நாலு பக்கமும் மார்க்கரில் அவர் பெயரும் திருச்சி என்றும் எழுதி, ஒவ்வொன்றும் சொல்லி வைத்தாற்போல் இருபது கிலோ. ஜூனில் நாங்கள் லீவில் போகப் போகிறோம், பால் பவுடரும் சோப்பும் தைலமும் வழக்கம்போல என்று நினைத்தேன். மூன்றாவது பெட்டிக்குள் அம்மாவின் கிரைண்டர் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஊரிலிருந்து அம்மா ஒரு குழந்தையைப் போலப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த கிரைண்டர் அது. கேட்டதற்கு, கல் தேய்ந்துவிட்டது, ஊரில் கொத்திக்கொண்டு வரலாம் என்றார் அப்பா. எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. வகுப்பில் நான்தான் முதல் ரேங்க் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, அப்பாவின் ஒரே விடுமுறை நாளில், பெட்டிகளை லிஃப்டில் இறக்கினோம். சூப்பர்மார்க்கெட்டிலிருந்து யாரோ தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன டிராலி ஒன்று பார்க்கிங்கில் எப்போதும் நிற்கும். கார்களுக்கு நடுவே சாக்பீஸால் பத்து மீட்டருக்குக் கோடு போட்டேன். கட்டடத்துக் காவலாளி ஒரு வங்காளி. காவலாளிக்கு அரபியில் ஹாரிஸ்; எல்லோரும் அப்படியே கூப்பிடுவார்கள். பெட்டிகளைப் பார்த்ததும் அவர் அப்பாவிடம் வந்து தணிந்த குரலில், "ஃபேமிலி ஜாத்தா, பாய்? கலாஸ்?" என்று கேட்டார். குடும்பம் போகிறதா, முடிந்ததா என்று. அப்பா சிரித்து, ஸ்கூல் வேலை என்று இந்தியில் சமாளித்தார். ஹாரிஸ் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. விஞ்ஞானத்தை மதிக்காத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

தராசின் கொக்கியை டிராலியில் மாட்டி, முள் மூன்று கிலோவில் நிற்கும்படி அப்பா இழுக்க வேண்டும். நான் பத்து மீட்டர் தள்ளி நின்று ஸ்டாப் வாட்சை அழுத்துவேன். காலி டிராலி நாலரை விநாடியில் வந்தது. ஒரு பெட்டி ஏற்றினோம், நாலே முக்கால். இரண்டு பெட்டி, நாலே முக்கால். மூன்றையும் ஏற்றினால் ஐந்துக்கு மேல் போக மாட்டேன் என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சனிக்கிழமை மிஸ்ஸிடம் இந்த அளவுகளைக் கொடுத்தால், ஏழாம் வகுப்பு எனக்கு இல்லை.

முள் நகரவில்லையே என்று கேட்டேன். இல்லை, மூன்றில்தான் இருந்தது என்றார் அப்பா. எனக்குச் சந்தேகம். ஸ்டாப் வாட்சை ஹாரிஸிடம் கொடுத்துவிட்டு அப்பாவின் பக்கத்திலேயே நடந்தேன். இரண்டு பெட்டி இருந்தபோது முள் எட்டுக்குப் போனது. மூன்றுக்குப் பத்தையும் தாண்டியது. அப்பா தராசைப் பார்க்கவே இல்லை, எதிரே இருந்த கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்பா, நீங்க கூட இழுக்குறீங்க. பாரம் கூடினாலும் அதே மாதிரிதான் இழுக்கணும்."

"ஒரே மாதிரிதானே பாப்பா இழுத்தேன்? எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

"இல்ல. டிராலி மெதுவா போகணும். மெதுவா போனாத்தான் சரி."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அங்க நின்னு பாத்துக்கிட்டே இருக்கியா, லேட்டா வந்தா நீ ஏமாந்துடுவேன்னு கை தன்னால இழுக்குது."

இந்தச் சாக்கெல்லாம் சோதனையில் செல்லாது என்றேன். மறுபடி செய்தோம். அந்தப் பாரத்தை அவ்வளவு லேசாக இழுப்பது அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. முள் மூன்றைத் தாண்டும்போதெல்லாம் நான் "அப்பா" என்று அதட்டுவேன், அவர் கையைத் தளர்த்துவார். நாலாவது முயற்சியில் படிந்து வந்தது. நாலரை, ஆறரை, எட்டு, கடைசியில் ஒன்பதேகால். மூன்று பெட்டியோடு டிராலி முக்கி முனகி வந்து கோட்டைத் தொட்டபோது நான் கைதட்டினேன். அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். புழுக்கம் தாங்கவில்லை போலும் என்று எண்ணினேன்.

சனிக்கிழமை மிஸ் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். சாயங்காலம் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.  அவர் ஓ.டி. சட்டையைக்கூட மாற்றாமல், நான் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்தார். "இப்பவே நடத்து. நான்தான் ஏழாங்கிளாஸ்."

முழுப் பாடத்தையும் நடத்தினேன். என் குரல் அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அப்பா நடுவில் ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று மிஸ் மாதிரியே சொல்லி முடித்தேன். அவர் கையைத் தூக்கினார்.

"இழுக்குறவன் களைச்சுப் போனா என்ன ஆகும், மிஸ்?"

"அது சிலபஸ்ல இல்லப்பா," என்றேன்.

ஜூனில் ஊருக்குப் போனோம். அப்பா லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும்போது கையில் ஒரே ஒரு பை இருந்தது. எனக்குத் திருச்சியில் சீருடைக்கு அளவெடுத்தார்கள். அப்போதுதான் அம்மா சொன்னாள். குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் கொடுத்துவந்த வீட்டு வாடகையைக் கம்பெனி ஜனவரியிலேயே நிறுத்திவிட்டதாம். நான் அங்கேயே படிக்கட்டும் என்று அப்பா ஓ.டி. மேல் ஓ.டி. பார்த்து வீட்டைப் பிடித்துவைத்துப் பார்த்திருக்கிறார். முடியாமல் போகவே முதலில் அம்மாவையும் தம்பியையும் அனுப்பினாராம். அம்மா ஊருக்குப் போனதைத் தவிர, அந்த ஐந்து மாதமும் எங்கள் வீடு எப்போதும்போலத்தான் ஓடியது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதன் பிறகு பதினோரு வருடம் அவர் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில், ஐந்து பேரோடு ஒரே ரூமில் இருந்தார். எங்கள் இருவரில் தனியாக இருந்தவள் நான்தான் என்று நினைத்து அவர்மேல் வெகுகாலம் கோபமாக இருந்தேன்.

மிஸ் ஒப்பமிட்ட ரெக்கார்டு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சோதனையில் நேர்ந்த பிழையையும் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். குண்டு குண்டான ஆங்கில எழுத்தில் நான் எழுதியிருப்பது தமிழில் இவ்வளவுதான்: பாரம் கூடியபோதெல்லாம் என் அப்பா எனக்குச் சொல்லாமல் கூடுதலாக இழுத்துவிட்டார், அதனால் டிராலி அதே வேகத்தில் போனது. இனி அப்படிச் செய்யக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.