சோற்றுக்கூடையில் வைத்த மெஷின்

பாம்பன் பாலத்தில் நின்றுகொண்டு கைப்பேசியை எடுத்தால், நான் பாம்பன் பாலத்தில் நிற்பதாக அது எனக்குத் தெரிவிக்கிறது. ரொம்ப நல்லது என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு தகவலால் எங்கள் வீட்டில் ஒருகாலத்தில் என்ன ஆயிற்று என்பது அதற்குத் தெரியாது.

எனக்கு அப்போது பதினோரு வயது. அம்மாவின் தம்பி சிங்கப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தார். அந்த வருஷம் லீவுக்கு வந்த மாமா, எல்லோருக்கும் தைலமும் சாக்லேட்டும் கொடுத்து முடித்த பிறகு, என் அப்பாவுக்கென்று, அதாவது அய்யாவுக்கென்று, தனியாக ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆர்கனைசர், அதாவது மின்னணுக் குறிப்பேடு. குச்சி போன்ற பேனாவால் அதன் கண்ணாடியைத் தொட்டு எழுதவேண்டும். கூடவே சோப்புப் பெட்டி மாதிரி இன்னொரு துண்டு. அதை ஆர்கனைசரின் முதுகில் மாட்டினால் ஜிபிஎஸ். மாட்டி, வானம் தெரிகிற இடத்தில் பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றால், நாம் நிற்கும் இடத்தை எண்களாகச் சொல்லும். வாசலில் நின்று சோதித்துப் பார்த்தோம். எங்கள் வாசல் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டதில் எனக்குப் புல்லரித்தது. அய்யாவுக்கு ஒன்றும் அரிக்கவில்லை.

"இங்கனதான இருக்கோம்" என்றார்.

அய்யாவும் பெரியப்பாவும் கூட்டாக ஒரு வல்லம், அதாவது மீன்பிடி நாட்டுப்படகு, வைத்திருந்தார்கள். மத்தியானம் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. எங்கள் கடலில் கொஞ்ச தூரம் போனாலே இலங்கை எல்லை வந்துவிடும். தண்ணீரில் கோடும் கிடையாது, வேலியும் கிடையாது. ஆனால் தாண்டிவிட்டால் அந்தக் கரையின் ரோந்துப் படகு வந்து நிற்கும். பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று எங்கள் ஊர்க் கோயில் அந்தோனியாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் அம்மா, "அந்தப் பக்கம் போயிராதீங்க" என்பாள். அய்யாவும் ஒவ்வொரு தடவையும், "நாங்க எங்க போறோம்? அவய்ங்கதான் இங்கிட்டு வாராய்ங்க" என்பார். அதைக் கேட்டால்தான் அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

தன் அக்காவின் கவலைக்கு மாமா கண்டுபிடித்த மருந்துதான் அந்த மெஷின். எல்லைக்கோட்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாக அதற்குள் எழுதிவைத்தார். கோட்டைத் தாண்டினால் "டீடீ, டீடீ" என்று கத்தும். அய்யாவின் விரல்கள் வடம் இழுத்துத் தடித்தவை. பேனாவால் ஒன்றைத் தொட்டால் மூன்று திறந்தன. ஆகவே வீட்டின் தலைமை இயக்குநராக நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். மாமா சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு நானும் என் பங்குக்கு ஒரு புள்ளியை ஏற்றினேன்: பாம்பன் பாலத்தை ஒட்டியிருந்த பரோட்டாக் கடை. உலகத்தின் எந்த மூலையில் நின்றாலும் அம்புக்குறி அந்தக் கடையைக் காட்டும். பசியோடு தொலைந்துபோகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே குறை, அய்யா மெஷினைக் கடலுக்கு எடுத்துக்கொண்டு போகவேயில்லை. ஒருநாள் மறந்துவிட்டார். இன்னொருநாள் உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டுவிடும் என்றார். மூன்றாவது நாள் பேட்டரி இல்லை என்றார். அம்மா கேட்பதும் அவர் மறப்பதும் வழக்கமாகிவிட்டது. என்ன ஞாபகமறதி என்று எனக்குக் கவலையாக இருந்தது. இத்தனைக்கும், கடலடியில் எந்தப் பாரில், எந்தப் பாறைத்திட்டில், என்றைக்கு என்ன மீன் கிடைத்தது என்று பத்து வருஷக் கணக்கை வாயால் சொல்லுகிற மனிதர்.

ஆகவே ஒரு மத்தியானம் நானே காரியத்தில் இறங்கினேன். டிவி ரிமோட்டைக் கழற்றிப் பேட்டரியை எடுத்தேன். போதாததற்குக் கடையில் இரண்டு வாங்கினேன். மெஷினுக்கு உயிரூட்டி, அதைப் பாலித்தீன் பையில் சுற்றி, அய்யாவின் ஒயர் கூடையில் சோற்றுத் தூக்குக்கு மேலே வானம் பார்க்கப் படுக்கவைத்து, துண்டால் மூடினேன். வல்லம் கிளம்பியது. நான் கரையில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவன் எப்படி நிற்பானோ அப்படி நின்றேன்.

மறுநாள் காலை மற்ற வல்லங்கள் எல்லாம் வந்துவிட்டன. எங்களுடையது வரவில்லை.

எட்டு மணிக்கு அம்மா கரைக்கு வந்தாள். எட்டேகாலுக்கு நான் வந்துசேர்ந்த வல்லங்களை மறுபடி எண்ணினேன். எட்டரைக்குத்தான் அந்தப் பயங்கரம் உறைத்தது. பரோட்டாக் கடை! அய்யா துண்டை விலக்கி மெஷினைப் பார்த்திருப்பார், அம்புக்குறியை நம்பியிருப்பார், இந்நேரம் வல்லம் பாலத்துத் தூணில் மோதிக்கொண்டு கிடக்கும். அம்மாவிடம் சொல்லத் தைரியம் வராமல் அந்தோனியார் கோயிலுக்கு ஓடினேன். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருவதில் அவர் பழம்பெரும் ஆள்; பேட்டரியும் தேவையில்லை. முதலில் மெழுகுவர்த்தி என்றேன். அவர் அசையவில்லை. பூசையில் சிரிக்கமாட்டேன் என்றேன். ம்ஹூம். என் கிரிக்கெட் மட்டையை எதிர்வீட்டு எதிரிக்கே கொடுத்துவிடுகிறேன் என்றேன். கடைசியாக, இனி பரோட்டாவே தொடமாட்டேன் என்று முழங்காலில் விழுந்து கதறியபோது, கோயில் பெருக்கிக்கொண்டிருந்த பெண், "ஏலே, காலைத் தூக்கு, குப்பை இருக்கு" என்றாள்.

திரும்பி ஓடிவந்தால் வல்லம் கரையில் நிற்கிறது. மட்டையைப் பற்றிய வாக்குறுதியை அந்த நிமிஷமே மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அய்யாவும் பெரியப்பாவும் தட்டின்முன் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெரியப்பா சிரிக்கத் தொடங்கினார்.

"வாடா என் சிங்கப்பூரு! கேளு தாயி இவன் செஞ்ச வேலைய. நம்ம எல்லைக்குள்ளதான் வலை விட்டுக் கெடக்கோம். அந்தியில ரோந்துக்காரய்ங்க வந்துட்டாய்ங்க. எதுக்கு வம்புன்னு, 'தெச தெரியல சாமி, நீரோட்டம் இழுத்துருச்சு, எங்க இருக்கோம்னே தெரியல'ன்னு கையெடுத்துக் கும்புட்டு நிக்கிறோம். இஞ்சின் சத்தம் அடங்குனதும் சோத்துக்கூடை 'டீடீ, டீடீ'ங்குது!"

"பொறவு?" என்றாள் அம்மா.

"பொறவென்ன? உன் வீட்டுக்காரன் கூடையத் தூக்கிக் கடல்ல எறிஞ்சுட்டான். என்னடா அதுன்னு கேட்டாய்ங்க. சோறு ஊசிப்போச்சு சாமின்னேன். 'ஊசிப்போன சோறு கத்துமாடா?'ன்னான் பாரு ஒருத்தன்! அவய்ங்களுக்கே சிரிப்பு வந்துருச்சு. விடிய விடிய உக்கார வெச்சு, போங்கடான்னு விட்டுட்டாய்ங்க."

அய்யாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலுக்கு அடியில், வஞ்சிரக் குழம்பில் நனைந்து கிடக்கும் என் மெஷின் கண்ணுக்குள் வந்தது. அதைவிட, அது என்னமோ கோளாறாகிக் கத்தியதுபோல் இவர்கள் சிரிப்பதைத்தான் பொறுக்கமுடியவில்லை.

"சும்மா ஒண்ணும் கத்தாது" என்றேன். "எல்லையத் தாண்டுனாத்தான் கத்தும். மாமா அப்பிடித்தான் வெச்சாரு. நம்ம பக்கம் நின்னா வாயே தொறக்காது."

பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. அவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்து நிதானமாகக் குடித்தார். அய்யா சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார், பிசைந்ததையே பிசைந்தார். கரண்டியோடு நின்ற அம்மா அவரைப் பார்த்தாள்.

"அப்ப சரியாத்தான் கத்தியிருக்கு" என்றாள்.

இந்த வீட்டில் மெஷினின் அருமை தெரிந்தவள் அம்மா ஒருத்திதான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அய்யா எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த தடவை வல்லம் கிளம்பியபோது அம்மா, "அந்தப் பக்கம் போயிராதீங்க" என்று சொல்லவில்லை. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றுபார்த்தார். பிறகு புதுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். அவள் நிலைப்படியில் உட்கார்ந்து கடற்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவுமில்லை. மெஷின் போன துக்கம் என்னைவிட இவளுக்கு அதிகம்போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தேன்.

"விடும்மா" என்று ஆறுதல் சொன்னேன். "மாமாகிட்டச் சொல்லி இன்னொண்ணு வாங்கிருவோம்."