வரி முடிவில் உடைத்த சொற்கள்

ஓ.எல். பரீட்சை வரை மட்டும் படித்த நான் இதை எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். அச்சகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

கண்டியில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடமாக டைப்செட்டிங் செய்கிறேன். ஒடுங்கிய பத்தியில் இங்கிலீஷ் சொல் வரிக்குள் அடங்காவிட்டால் ஹைஃபன் போட்டு உடைக்க வேண்டும். கம்ப்யூட்டர் கண்ட இடத்தில் உடைக்கும் என்று முதலாளி அந்த வசதியை நிறுத்தி வைத்திருந்தார். எங்களிடம் ஒரு பழைய புத்தகம் இருந்தது. சொல்லை எங்கே உடைப்பது என்று மட்டும் அதில் இருக்கும். அர்த்தம் இருக்காது. எனக்கும் அது தேவைப்படவில்லை.

என் கணவர் வேலை செய்யும் கார்மண்ட் தொழிற்சாலையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று அந்த மாதம் முழுக்கப் பேச்சு. வேலை இருக்குமா, போகுமா என்று தெரியாமல் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஒரு காலையில் மூன்று மொழி மடிப்புத்தாள் ஒன்று வந்தது. இங்கிலீஷ் பக்கம் முதலில். கம்பனிப் பெயரும் லோகோவும் எப்போதும் கடைசியில்தான் போடுவோம். ‘ரிட்ரென்ச்மென்ட்’ என்ற சொல் நான்கு இடத்தில் வரி முடிவில் வந்தது. நான்கையும் புத்தகம் பார்த்து உடைத்தேன்.

“தங்கச்சி கை பட்டா இங்கிலீஷும் ஒழுங்கா நிக்கும்,” என்றார் முதலாளி ஹாஜியார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மத்தியானம் புரூஃப் பார்க்கும் ஃபரீனா தாளோடு வந்தாள். அதற்குள் வேறொருவர் லோகோவை ஏற்றியிருந்தார்.

“அக்கா, ஒங்கட அவரு இந்தக் கார்மண்ட்லதானே?”

“ஆமா.”

“அப்ப இத நீங்க வாசிக்கல்லயா?”

“உடைச்சேன். வாசிக்கல.”

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்து, ‘ரிட்ரென்ச்மென்ட்’ என்றால் ஆள் குறைப்பு என்று மெதுவாகச் சொன்னாள். தையல் பகுதி முழுவதும் மாத முடிவோடு நிறுத்தம். அவர் தையல் பகுதி. என் கை மவுஸிலேயே இருந்தது. வீடே காத்திருந்த பதில் மூன்று மணித்தியாலம் என் கண் முன்னால் கிடந்திருக்கிறது.

ஹாஜியார் கேட்டுக்கொண்டு நின்றார். “இங்க அடிக்கிறது வெளிய போகக்கூடாது, தெரியும்தானே,” என்றார். பிறகு, “நீங்க இன்டைக்கு வெள்ளன வீட்டுக்குப் போங்க,” என்றார்.

வீட்டுக்கு அம்பிட்டிய பஸ் பிடித்துப் போய், அவர் வந்ததும் சொன்னேன்.

“ஒனக்கு யாரு சொன்னா?”

“நான்தாங்க டைப் பண்ணுனேன்.”

அவர் சட்டையைக் கழற்றாமலே படுத்துவிட்டார்.

இப்போது எந்த வேலை வந்தாலும் முதலில் கடைசி வரி வரை வாசிக்கிறேன். தெரியாத சொல்லை வெட்கப்படாமல் கேட்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

அந்த மடிப்புத்தாளின் தமிழ்ப் பக்கம் மறுநாளே வந்தது. அதையும் நான்தான் செய்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு அச்சடித்த தாள்களின் பார்சல் கார்மண்டுக்குப் போனது.