தண்டநாயகரின் சாட்சிக் கிளி

பிரிக்பீல்ட்ஸில் ஜெயந்திரனைப் பார்த்து யாரும் எழுந்து நிற்பதில்லை. ஓர் அரசாங்க அலுவலகத்தில், ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில், காலாகாலமாகத் துணை அதிகாரி. பிந்தி வரும் கிளார்க்குகளிடம் காரணம் கேட்டுக் கடிதம் தயாரிப்பது அவர் வேலை. கையெழுத்துப் போடுவது மேலதிகாரி வேலை. ஆனால் ஞாயிறு மதியம் மடிக்கணினியைத் திறந்தால் முத்துக்கோட்டையே அவருக்காக எழுந்து நிற்கும்.

முத்துக்கோட்டை, இணையத்தில் ஒரு கூட்டம் சேர்ந்து ஆடும் விளையாட்டில் வரும் பழங்காலத் துறைமுகம். ஆளுக்கொரு வேடம், பேச்செல்லாம் தட்டச்சில், வேடத்துக்கேற்ற செந்தமிழில். ஜெயந்திரன் அங்கே தண்டநாயகர், நீதி சொல்பவர். அந்த ஆசனத்துக்காக மனைவி ஜெயமாலாவின் சொந்தக்காரர் கல்யாணங்களைக்கூடத் தவறவிட்டவர். ஊரின் விதிகளை எழுதியவரும் அவரே. முதல் விதி: ஆடுபவர் வெளியே கேள்விப்பட்டது, உள்ளே வேடத்துக்குத் தெரியாது, அதை வைத்துக் குற்றம் சாட்டுபவர் பதவி இழப்பார். 'இழப்பார்' என்பதற்கு அடிக்கோடு வேறு.

முத்துக்கோட்டைக் கோயிலின் தங்க விளக்கு களவு போனது. துப்பே கிடைக்கவில்லை. தண்டநாயகர் தூங்குகிறார் என்று ஊர் முணுமுணுத்தது.

அந்த வாரம் பங்சாரில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், குகனைச் சந்தித்தார். கிள்ளானில் லோரி உதிரிப்பாகம் விற்பவன். ஆட்டத்தில் உப்பு வணிகன் மாறன்.

"அண்ணே, வெளக்க தூக்கினது நான்தான் லா," என்றான் குகன், வாய் நிறையச் சோற்றோடும், இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடும். "உப்பு மூட்டைக்குள்ள வெச்சு கடத்திட்டேன். யார்ட்டயும் சொல்லிடாதீங்க."

"கெட்டிக்காரன்டா நீ," என்றார் ஜெயந்திரன். அதன் பிறகு நண்டுக் கறி அவருக்கு ருசிக்கவில்லை.

வேறொருவராக இருந்தால், துறைமுகத்து மூட்டைகளையெல்லாம் சோதிக்க ஏதாவது சாக்குத் தேடி, முறைப்படி விளக்கை எடுத்திருப்பார். ஜெயந்திரனுக்கு அலுவலகப் பழக்கம்: முதலில் குற்றச்சாட்டு, ஆதாரம் பிறகு தானாக வரும்.

"வணிகன் மாறனே! விளக்கை உப்பு மூட்டையில் கடத்தியவன் நீ!" என்று ஞாயிறன்று சபையில் முழங்கினார்.

"கண்டவர் யார், தண்டநாயகரே?" என்றான் மாறன்.

ஜெயந்திரன் கைக்கு வந்ததைத் தட்டினார். "என் கிளி கண்டது."

"கிளி பேசுமா?"

"மணிமணியாகப் பேசும்."

"அப்படியானால் அது சாட்சி சொல்லட்டும்."

சபை காத்திருந்தது. கிளிக்கும் அவர்தான் தட்டச்சு செய்தாக வேண்டும். பதற்றத்தில் விரல்களுக்கு வந்தது ஒரே வசனம்: "கீ... கீ... வெளக்க தூக்கினது நான்தான் லா."

அடுத்த நொடி கைப்பேசி அடித்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஆட்டத்தை நடத்தும் உஷாராணி.

"அங்கிள், அந்தக் காலத்து கிளி லா போடுமா?"

"அது... நம்ம ஊரு கிளி மா."

"பங்சார் கிளி லா, எனக்குத் தெரியும். குகன் இப்பதான் மெசேஜ் போட்டாரு."

"நான் உண்மையத்தானே மா சொன்னேன்?"

"உண்மைதான். ஆனா ஜெயந்திரன் அங்கிளுக்குத்தான் தெரியும், தண்டநாயகருக்குத் தெரியாது. ரூல் எழுதினது யாரு? அடிக்கோடு போட்டது யாரு?"

குற்றச்சாட்டு தள்ளுபடி, ஆசனம் பறிபோனது. தொடர்ந்து ஆடுவதானால் புது வேடம் ஒன்றுதான் காலி என்றாள் உஷாராணி: சந்தையில் கிளி விற்பவர்.

"அதான் பதவி போச்சுல்ல, அடுத்த வாரம் கல்யாணத்துக்கு வரலாமே?" என்றாள் ஜெயமாலா.

"முடியாது. கடை திறக்கணும்."

கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளர் வணிகன் மாறன்.

"இந்தக் கிளி பேசுமா?"

பெரிய வணிகர் வந்தால் கடைக்காரன் எழுந்து நிற்க வேண்டும். அதுவும் ஜெயந்திரன் எழுதிய விதிதான்.

'எழுந்து நிற்கிறான்' என்று தட்டினார். பிறகு, "பேசாது, ஐயா."