தாய்மாமன் மடியும் சமாதான விருதும்

என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்த வாரத்தில் என் கணவரும் என் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். நிலத் தகராறு இல்லை, நகைத் தகராறு இல்லை, சீரில் குறை வைத்தார்கள் என்பதும் இல்லை. கடல் கடந்த ஒரு நாட்டின் அதிபருக்கு உலகத்தின் பெரிய சமாதான விருதைக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது சிரிப்பே வரவில்லை.

எந்த நாடு, எந்த அதிபர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிற நீங்களும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்வீர்கள். எங்கள் குடும்பத்துக்கு இரண்டு பக்கமே ஜாஸ்தி.

நாங்கள் அரியலூரில் இருக்கிறோம். கணவர் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீசியன். அண்ணனுக்கு ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு. அப்பா அம்மா இருவரும் போய்விட்ட பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது அண்ணன்தான். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி யாரையாவது பிடித்து உட்கார வைக்கலாம்தான். அப்புறம் பந்தியில் இலைக்கு இலை "ஏன், கூடப் பொறந்தவன் வரலியா?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் கிடக்கட்டும், எனக்கே அதைத் தாங்க முடியாது. அண்ணன் மடியில்லாமல் என் பிள்ளைக்குக் காதுகுத்தா?

சண்டை நடந்த இடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. காலை வணக்கப் பூக்களும் சஷ்டி வாழ்த்தும் மட்டுமே வந்துகொண்டிருந்த சாதுவான குழு அது. தூர தேசத்தில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அந்த அதிபர் தலையிட்டுச் சண்டை நிறுத்தம் என்று அறிவித்தார். மறுநாள் அண்ணன், ஆயுசில் அரசியல் பேசாத மனிதர், குழுவில் போட்டார்: "இவருக்குத்தான் அந்த விருத குடுக்கணும்."

என் கணவர் விடுவாரா? "ஒரு கையில குண்டு விக்கிறாரு, இன்னொரு கையில வெள்ளக்கொடி புடிக்கிறாரு. இதுக்கு விருது வேறயா மச்சான்?" என்று பதில் போட்டார்.

"யாரு நிறுத்துனா என்ன மாப்ள, நின்னுச்சுல்ல?"

"முன்னாடியே நிறுத்திருக்கலாம்ல?"

இப்படியே வளர்ந்தது. நான் சமையலறையிலிருந்து "போதும், போனைக் கீழ வைங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். யார் கேட்டார்கள்? கடைசியில் என் கணவர் ஒரு போட்டோவை அனுப்பினார். இடிந்த வீட்டின் முன்னால் ஒரு சின்னப் பெண், எங்கள் மகள் வயது. அதற்குக் கீழே, "இதப் பாத்துட்டும் அந்த ஆளுக்கு விருது கேக்குறவன் மனுசனே இல்ல" என்று எழுதிவிட்டார். சற்று நேரத்தில் அண்ணன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாகத் திரையில் வரி வந்தது. அதோடு போனும் நின்றது, வருவதும் நின்றது.

எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். "நான் வரல. நீ வேணா போ. உங்கண்ணன் அந்த அதிபரக் கூப்புட்டு மடியில உக்கார வச்சுக்கட்டும்" என்றார் கணவர். அந்த வாய்க்கொழுப்புக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

தனியாகவே பஸ் ஏறினேன். அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, எனக்குப் பின்னால் பார்த்ததும் சுருங்கியது.

"மாப்ள வரலியா?"

"ஷிப்ட்டு அண்ணே."

"அப்ப லீவு கெடச்சதும் சேந்தே வாங்க. தட்ட நீ மட்டும் வச்சா நான் எடுக்க முடியாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏண்ணே, அந்த அதிபரு உனக்கு மாமனா மச்சானா? என் புள்ள காதுகுத்த விட அவருதான் ஒசத்தியாப் போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்கு நடந்துவிட்டார்.

அண்ணி உள்ளே முந்திரிப் பருப்புக்குத் தோல் நீக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். அண்ணி கை வேலையை நிறுத்தினார்.

"உங்கிட்ட சொல்லாதன்னு உங்கண்ணன் சத்தியம் வாங்கிருக்காரு. இருந்தாலும் சொல்லிப்புடுறேன்" என்றார்.

அண்ணன் மகன் வளைகுடா நாட்டில் வெல்டராக இருக்கிறான். பத்திரமான ஊர் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். ஆனால் போர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வேலைக்காக அவனைச் சண்டை நடந்த நாட்டுக்கே கம்பெனி அனுப்பியிருந்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் அது தெரியும். அவன் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குண்டு விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் அவனுக்குப் போன் போகவில்லை. அண்ணன் சோறு தண்ணீர் இல்லாமல் தோப்பில் ஒரு மரத்தடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தாராம். சண்டை நின்ற அன்று சாயங்காலம் அவனே கூப்பிட்டு, "நின்னுருச்சுப்பா, நான் நல்லாருக்கேன்" என்றானாம். அண்ணன் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாராம்.

"அதான் மறுநாளு விருது குடுக்கணும்னு எழுதுனாரு. அவருக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

"எங்ககிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"வேல வாங்கிக் குடுத்தது யாரு?"

என் கணவர்தான். அவருடைய சிநேகிதர் மூலமாக அலைந்து திரிந்து, பையனை விமானம் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

"மாப்ளைக்குத் தெரிஞ்சா, நாமதான அனுப்புனோம்னு மனசு ஒடிஞ்சு போயிருவாரு, வேணாம்னுட்டாரு உங்கண்ணன். இப்ப பையன் பழைய ஊருக்கே திரும்பிட்டான். இனிமே எதுக்கு சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டாரு."

வீட்டுக்கு வந்து கணவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தித்தான் சொன்னேன், மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவினார். பிறகு, "நாளைக்கு லீவு சொல்லிடுறேன்" என்றார்.

காலையில் பைக்கில் கிளம்பினோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியில் அவர் வண்டியை விரட்டினார். நான் மடியில் தட்டுக்கான பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணன் தோப்புக்குப் போய்விட்டிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

அண்ணன் வீட்டில்தான் இருந்தார். "வாங்க மாப்ள" என்றார். முறைக்குச் சொல்கிற வாங்க அது. என் கணவர் உட்காரவில்லை.

"பய பேசுனானா மச்சான்?"

அண்ணன் திரும்பி அண்ணியை முறைத்தார். அண்ணி சட்டென்று அடுப்படிக்குள் புகுந்துகொண்டார்.

"பேசுனான். நல்லாருக்கான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க தூங்குவீங்களா? நாந்தான் தூங்கல, நீங்களாவது தூங்கட்டும்னு விட்டேன்."

என் கணவரை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். எதிலும் விட்டுக்கொடுக்காதவர். அன்று அவரே அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் போட்டோல இருந்த புள்ள நம்ம பாப்பா மாதிரியே இருந்துச்சு மச்சான். அந்தக் கோவத்துல வார்த்தய வுட்டுட்டேன். உங்களப் போயி மனுசன் இல்லேன்னு..."

"விருது கூடாதுன்னது உங்க இஷ்டம் மாப்ள. அதுக்கு நான் கோவப்படல. அந்த வார்த்ததான் நெஞ்சுல குத்திருச்சு. சரி, விடுங்க. தட்ட வைங்க."

இருவரும் சேர்ந்து தட்டை நீட்டினோம். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினார். நான் வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன். "என்னா இவ, நல்ல காரியத்துக்கு வந்துட்டு" என்று அண்ணி அதட்டிக்கொண்டே காபி கொண்டுவந்தார்.

விருதைக் கொடுக்கலாமா என்று என்னையும் சிலர் கேட்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. எங்கள் பையன் பேசியதை நினைத்தால் யாரையாவது கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அந்தப் போட்டோப் பெண்ணை நினைத்தால் கூப்பிய கை தானாக இறங்கிவிடுகிறது.

காதுகுத்து பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் நடந்தது. அண்ணன் பட்டுப் பாவாடையும் வளையலும் மாலையுமாகச் சீர் கொண்டுவந்து இறங்கினார். மகளை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணி போனை உயர்த்திப் பிடிக்க, வீடியோ காலில் பையன் வெல்டிங் உடுப்போடு பார்த்துக்கொண்டிருந்தான். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் மகள் போட்ட கூச்சலில் கோயில் அதிர்ந்தது. மறு காதைத் தொடவே விடவில்லை.

"அழாத கண்ணு, அந்த அதிபரு விருது வாங்கிட்டு உனக்கு மிட்டாய் வாங்கியாருவாரு" என்றார் அண்ணன்.

"வாங்குவாரு, வாங்குவாரு. அந்த விருதுக்கு வேற ஆளப் பாக்கணும்" என்றார் பிள்ளையின் காலைப் பிடித்திருந்த என் கணவர்.

"ஏன் மாப்ள, சண்ட நின்னுச்சா இல்லியா?"

"எத்தன நாளைக்கு நின்னுச்சு? அதச் சொல்லுங்க மச்சான்!"

போச்சுடா! ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. ஒருவர் பிள்ளையை மடியிலிருந்து விடவில்லை, இன்னொருவர் காலிலிருந்து கையை எடுக்கவில்லை. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

அப்போது போனுக்குள்ளிருந்து பையன் தொண்டை கிழியக் கத்தினான். "அப்பா! மாமா! சண்டைய நிறுத்துங்க. புள்ள ரத்தத்தத் தொடைங்க மொதல்ல!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அண்ணன் துண்டை எடுத்தார், என் கணவர் குனிந்து மகளின் காதைத் துடைத்தார், ஆசாரி மறு காதைக் குத்திவிட்டார்.